பலகைத் தரையின் இடுக்கு: எதை அடைப்பது, எதை விடுவது?

பாலக்காட்டு அக்கிரகாரங்களின் மச்சுகளிலும் மூணாறு எஸ்டேட் பங்களாக்களிலும் பழைய மரத்தரைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பல தலைமுறைகள் நடந்து தேய்ந்த பலகைகள் அவை. அவற்றின்மேல் குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான கவலை ஒன்று உண்டு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு விழுந்திருக்கிறது. மேலே பெருக்கினால் கீழே அடுக்களையில் தூசி கொட்டுகிறது. எறும்பு வரிசை கட்டுகிறது. மலை வீடாக இருந்தால் தரைக்கு அடியிலிருந்து குளிர்காற்று ஏறுகிறது. எதைக் கொண்டு அடைப்பது என்று கேட்டால் ஆசாரி மரச்சிம்பு என்பார், பெயிண்டர் பட்டி என்பார், ஹார்டுவேர் கடைக்காரர் சிலிக்கான் குழாயை எடுத்து வைப்பார். மூவர் சொல்வதும் சில இடத்தில் பொருந்தும்; சில இடத்தில் தரையையே கெடுத்துவிடும்.

எது எங்கே பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதன் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எதைக் கொண்டு அடைப்பது என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது: இந்த இடுக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருக்கிறதா, மழைக்கும் வெயிலுக்கும் ஏற்பக் கூடிக் குறைகிறதா? இதற்கு விடை தெரியாமல் அடைக்கப்படும் தரை, பெரும்பாலும் அடைக்காமல் விட்ட தரையைவிட மோசமாகிறது.

இரண்டு நிலங்கள், இரண்டு வகைத் தரைகள்

கல்பாத்தி, நூரணி, சாத்தபுரம் போன்ற பாலக்காட்டுத் தெருக்களில் வீடுகள் பொதுச் சுவரோடு ஒட்டி நிற்பவை. திண்ணை, ரேழி, கூடம் என்று நீளவாக்கில் உள்ளே போகும் அந்த வீடுகளில் உத்திரத்தின்மேல் குறுக்குக் கட்டைகள் பரப்பி, அவற்றின்மேல் பலகை அடித்து மச்சு கட்டினார்கள். கீழ் அறைக்குக் கூரையும் மேல் அறைக்குத் தரையும் அந்த ஒரே பலகைதான். சில வீடுகளில் பலகைமேல் மண்ணும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்திருப்பார்கள். சிலவற்றில் பலகை அப்படியே வெறுமையாக இருக்கும். இந்த இரண்டாவது வகையில்தான் இடுக்கு ஒரு பிரச்சினையாகிறது.

தேக்குக்கு இந்த மாவட்டம் பெயர்போனது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்குவதற்காகவே கொச்சி அரசு 1907 முதல் டிராம் பாதை ஒன்றை ஓட்டியது.  இன்றும் பரம்பிக்குளத்தில் கன்னிமாரா என்னும் பெருந்தேக்கு நிற்கிறது.  தேக்கோடு அயினி, பலா, வேங்கை, மருது, இருள் என்று பல மரங்களும் வீடு கட்டப் பயன்பட்டிருக்கின்றன. ஒரே மச்சில் இரண்டு மூன்று வகை மரம் கலந்திருப்பதும் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் சுருங்கும் என்பதால் இடுக்கும் ஒரே சீராக இருப்பதில்லை.

இடுக்கி மலையின் கதை வேறு. கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி 1897-இல் உருவானது. அதையொட்டி மூணாற்றைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்கள் பெருகியபோது, மேலாளர்களுக்குக் கல் அடித்தளத்தின்மேல் தூக்கிக் கட்டிய மரத்தரைப் பங்களாக்களும் எழுந்தன. தரைக்கு அடியில் காற்றோட வெற்றிடம், அறையில் கணப்பு, குறுகலான பலகைகள் என்பது அவற்றின் அமைப்பு. தோட்டத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த லயங்களில் இந்தத் தரை கிடையாது. ஆனால் அந்தப் பலகைகளைத் தலைமுறை தலைமுறையாக மெழுகித் துடைத்துப் பழுது பார்த்தவர்களில் அக்குடும்பத்தினரும் இருந்தார்கள். தரையைக் குறித்த நடைமுறை அறிவு அவர்கள் கையில்தான் அதிகம்.

இடுக்கு எப்படி உண்டாகிறது

வெட்டி நூறாண்டு ஆனாலும் மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்று ஈரமானால் பலகை ஊதும். காற்று காய்ந்தால் பலகை சுருங்கும். சுமார் 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காடு இருந்தால் மரத்துக்குள் ஈரம் ஏறக்குறைய 17 விழுக்காட்டில் வந்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 60 ஆக இறங்கினால் மரத்தின் ஈரம் 11-க்கு அருகில் வரும். இடைப்பட்ட இந்த 6 விழுக்காடுதான் இடுக்கைத் திறந்து மூடுகிறது.

இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பாலக்காட்டைப்போல வாய்ப்பான இடம் கேரளத்தில் குறைவு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை அறுபட்டுக் கிடக்கும் கணவாய் அது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் மேற்கிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. கார்த்திகை பிறந்ததும் கிழக்கே கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வறண்ட காற்று அதே வழியாகப் பாய்கிறது. கார்த்திகையின் மலையாளப் பெயரால் ஊரில் அதை விருச்சிகக் காற்று என்கிறார்கள். மாசி, பங்குனி வரை வறட்சி தொடர்கிறது. ஆனியில் ஊதி நின்ற மச்சுப் பலகை மாசியில் சுருங்கிப் பிரிவதற்குக் காரணம் இதுதான். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 287 என்னும் தரக்குறிப்பு, மரத்தில் இருக்கத்தக்க ஈரத்தை வரையறுக்க நாட்டை நான்கு ஈரப்பத மண்டலங்களாகப் பிரிக்கிறது. புது மரம் வாங்குவோருக்கு அது உதவும். ஆனால் ஓராண்டுக்குள்ளேயே இவ்வளவு மாறும் ஊரில் மண்டலச் சராசரியை மட்டும் வைத்துப் பழைய தரையைப் புரிந்துகொள்ள முடியாது.

எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணக்காகவே சொல்லலாம். அமெரிக்க வனப்பொருள் ஆய்வகத்தின் மரக் கையேடு, தேக்குக்கு ஈரம் 1 விழுக்காடு மாறினால் அகலம் எவ்வளவு மாறும் என்று தருகிறது. பலகையின் முனையைப் பார்த்தால் வளர்ச்சி வளையங்கள் தெரியும். அவை படுத்த வில்லாக வளைந்திருந்தால் மாற்றம் 0.186 விழுக்காடு, வளையங்கள் நட்டுக்குத்தாக நின்றால் 0.101 விழுக்காடு. அதன்படி 20 சென்டிமீட்டர் அகலப் பலகை, 6 விழுக்காடு ஈர மாற்றத்தில், முதல் வகையானால் சுமார் 2.2 மில்லிமீட்டரும் இரண்டாம் வகையானால் சுமார் 1.2 மில்லிமீட்டரும் சுருங்கும். முதல் வகைப் பலகையிலேயே அகலம் 30 சென்டிமீட்டர் என்றால் 3.3 மில்லிமீட்டர். பழைய மச்சுகளில் அகலப் பலகையே பெருமை. இடுக்கும் அங்கேதான் பெரிது. பங்களாக்களின் குறுகிய பலகையில் இடுக்குகளின் எண்ணிக்கை கூடுதல், அளவு குறைவு.

நீளவாக்கில் பலகை ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை. ஆகவே இரண்டு பலகைகள் தலையும் தலையும் சேரும் முனைச் சந்து அதிகம் நகராது. பக்கவாட்டுச் சந்துதான் நகரும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தாலே பாதித் தவறுகள் நீங்கும்.

கெட்டியாக அடைத்தால் நேர்வது

3 மீட்டர் அகல அறையில் 20 சென்டிமீட்டர் பலகைகள் 15 இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாசியில் எல்லா இடுக்கும் அகலமாகத் திறந்திருக்கும்போது கல்போல் இறுகும் பொருளால் முழுக்க அடைத்துவிடுகிறோம். ஆனியில் ஒவ்வொரு பலகையும் 2.2 மில்லிமீட்டர் ஊத முனைகிறது. மொத்தம் 33 மில்லிமீட்டர்; மூன்று சென்டிமீட்டருக்கு மேல். அவ்வளவுக்கு அங்கே இடமில்லை. பலகை நடுவில் மேலெழும்பும், ஆணி பிடுங்கும், அல்லது ஓரங்கள் நசுங்கும்.

அதிகம் நேர்வது இந்த மூன்றாவதுதான். வெளியே தெரியாது என்பதால் ஆபத்தும் அதில்தான் அதிகம். ஊதப் பார்க்கும் மரம் கெட்டியான ஒன்றின்மேல் மோதும்போது ஓரத்திலுள்ள மர உயிரணுக்கள் நிரந்தரமாக நசுங்கிவிடுகின்றன. அடுத்த கோடையில் பலகை காயும்போது முன்பு இருந்ததைவிடக் குறுகலாக நிற்கிறது. இடுக்கு முந்தைய ஆண்டைவிடப் பெரிதாகிறது. பெரிதாகிவிட்டதே என்று மறுபடியும் கெட்டியாக அடைக்கிறோம், மறுபடியும் நசுங்குகிறது. கெட்டியாக அடைக்க அடைக்க இடுக்கு வளர்கிறது என்பதே இதன் பொருள். பட்டி மட்டுமல்ல, பல ஆண்டுத் தூசியும் மணலும் இடுக்கில் இறுகினாலும் இதே விளைவுதான். அதனால் அடைக்கும் எண்ணமே இல்லாத வீட்டிலும் கோடையில் இடுக்குகளைச் சுத்தம் செய்து வைப்பது தரைக்கு நல்லது.

அடைக்கத்தான் வேண்டுமா?

அடைக்கச் சொல்லும் காரணங்கள் உண்மையானவை. கீழே அரிசியும் ஊறுகாய்ப் பரணியும் இருக்கும் அறையில் மேலிருந்து தூசி விழுவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. மேலே பேசுவது கீழே கேட்கிறது. கீழே எரியும் விளக்கு மேலே கோடுகோடாகத் தெரிகிறது. குழந்தைகளின் கால்விரல் சிக்குகிறது. மூணாற்றில் சில ஆண்டுகள் சனவரியில் உறைபனி விழும் அளவுக்குக் குளிர்கிறது. அங்குள்ள வீட்டில் தரை வழியாக வரும் காற்று முதியோரை வாட்டும்.

ஆனாலும் ஒவ்வொரு காரணத்துக்கும் இடுக்கை அடைப்பது ஒன்றே தீர்வல்ல. தூசி கீழே விழுவதுதான் குறை என்றால், கீழ்ப்பக்கமிருந்து சந்தின்மேல் மெல்லிய ரீப்பர் சட்டம் அடிக்கலாம். ரீப்பரை இரண்டு பலகையிலும் சேர்த்து ஆணி அடிக்காமல் ஒரு பலகையில் மட்டும் அடித்தால், மற்றப் பலகை அதன்மேல் தாராளமாக வழுக்கி நகரும். மேல்தளத்தின் அழகு கெடாது, வேண்டாதபோது கழற்றிவிடலாம். பாலக்காட்டு மச்சுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி அரிது என்பது என் கருத்து. பலகை தெரியும் கீழ்க்கூரையின் தோற்றத்துக்கும் சட்டங்கள் ஒத்துப்போகும்.

மேலே பாய் விரிப்பதும் பழைய, நல்ல வழி. பாலக்காட்டுக்கு அருகே, திருச்சூர் மாவட்டத்துக் கிள்ளிமங்கலத்தில் நெய்யும் கோரைப்பாய் போன்றவை தூசியைத் தடுக்கும், காற்றை விடும். ரப்பர் விரிப்பையோ வினைல் விரிப்பையோ ஒட்டுவது இதற்கு நேர்மாறு. மழைக்காலத்தில் அது ஈரத்தை அடியில் பிடித்து வைக்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் நீண்ட நாள் நின்றால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும்.

அடைக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, பூச்சி. இடுக்கின் ஓரத்தில் மாவுபோல் புதுத் தூள் தெரிந்தால் மரத்துக்குள் துளைப்பூச்சி உயிரோடு இருக்கிறது. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியை அது எளிதில் தொடாது. வெளிறான வெள்ளைப் பகுதியைத் தின்னும். மண் குழாய் கண்டால் கரையான். இவற்றைத் தீர்க்காமல் மேலே அடைத்தால் நோயை மூடி வைத்ததாகும். ரப்பர் மரத்தைப் பதப்படுத்தக் கேரளத்தில் பெரிதும் பயன்படும் போரிக் அமிலமும் வெங்காரமும் சேர்ந்த கரைசல், காய்ந்த பழைய பலகைக்கும் உதவும். முந்திரிக்கொட்டை எண்ணெய் படகுக்குப் பூசுவது. தோலைப் புண்ணாக்கும் என்பதால் வீட்டுத் தரைக்கு வேண்டாம்.

இரண்டாவது, ஆட்டம். நடக்கும்போது பலகை அமிழ்ந்தாலோ கிறீச்சிட்டாலோ குறை இடுக்கில் இல்லை. அடிக்கட்டையிலோ ஆணியிலோ இருக்கிறது. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனையைக் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். அக்கிரகார வீட்டில் அது பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவர். அங்கே ஒழுகினால் இங்கே உளுக்கும். இரு வீட்டாரும் சேர்ந்து பார்க்க வேண்டிய வேலை அது.

மூன்றாவது, பழைய பெயிண்ட். பங்களாத் தரைகளில் சில, காலத்துக்குக் காலம் பெயிண்ட் அடிக்கப்பட்டவை. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். என்று கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பெயிண்டை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் எழும் தூசியில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துத் தேய்க்க வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைப்பக்கம் வரக்கூடாது.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, அளவு. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஏ.டி.எம். அட்டையின் தடிமன் உலகெங்கும் ஒன்றே: 0.76 மில்லிமீட்டர். பழைய அட்டைகள் சிலவற்றைச் சேர்த்து, இடுக்கில் ஒன்று நுழைகிறதா, இரண்டா, நான்கா என்று பார்த்தால் போதும். அறையில் ஐந்தாறு இடுக்குகளைத் தேர்ந்து, சுவரோரம் பென்சிலால் எண் போட்டு, ஆடி, புரட்டாசி, மார்கழி, மாசி ஆகிய நான்கு மாதங்களில் அளவைக் குறிக்க வேண்டும். ஓராண்டு முடிந்ததும் ஒவ்வோர் இடுக்குக்கும் இரண்டு எண்கள் கிடைக்கும்: மிகக் குறைந்த அளவு, மிகக் கூடிய அளவு. குறைந்த அளவு அந்த இடுக்கின் நிலையான பகுதி. பச்சை மரமாகப் பொருத்தியதாலும் பல ஆண்டு நசுங்கியதாலும் வந்தது அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நகரும் பகுதி. நிலையான பகுதியை அடைக்கலாம். நகரும் பகுதிக்கு இடம் விட்டே ஆக வேண்டும். கீழே வரும் முறைகள் அனைத்துக்கும் இந்த இரண்டு எண்களே உரைகல்.

முறைகள்

*மரச்சிம்பு.* நிலையான பகுதி 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் இதுவே முதல் தேர்வு. அதே வகைப் பழைய மரத்திலிருந்து, பலகையின் நாரோட்டத்திலேயே, அடிப்பக்கம் சற்றுக் குறுகிய ஆப்பு வடிவில் சிம்பு அறுத்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி இறக்கி, இழைப்புளியால் மட்டம் சீவுவது முறை. இதில் பிசகக் கூடாத விதி ஒன்று உண்டு. பசையை ஒரு பக்கம் மட்டுமே தடவ வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டினால் கோடையில் ஒட்டிய இடத்தை விட்டுப் பலகையே வெடிக்கும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு. ஒட்டும் ஓரத்தைப் புதிதாகச் சுரண்டி, தின்னரில் நனைத்த துணியால் துடைத்த பிறகே பசை பிடிக்கும். பழைய தேக்குத் துண்டுகள் வீடு பிரிக்கும் இடங்களிலும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள் போன்ற இடங்களிலும் கிடைக்கும்.

*மரத்தூளும் ஃபெவிக்காலும்.* ஆசாரிகள் அதிகம் செய்வது இது. ஆணித்துளை, முனைச்சந்து, பலகையின் நடுவே விழுந்த மயிரிழை வெடிப்பு ஆகியவற்றுக்கு நன்று. பக்கவாட்டுச் சந்துக்கு ஆகாது. இறுகிய பின் அது வளையாது; ஒரு கோடையிலேயே ஒரு பக்கம் விட்டுப் பிரிந்து, துண்டு துண்டாக உதிரும். பாலிஷை மரம் குடிப்பதுபோல் பசை குடிக்காது என்பதால் நிறமும் ஒட்டாமல் நிற்கும். கடையில் டப்பாவில் வரும் மரப் பட்டிக்கும் பெரும்பாலும் இதே எல்லைதான். எம்-சீல் போன்ற எபாக்ஸி இன்னும் கெட்டி. உளுத்துக் குழிந்த இடத்தை நிரப்ப அதைப் பயன்படுத்தலாம். நகரும் சந்தில் போட்டால், மேலே சொன்ன நசுக்கலை உண்டாக்குவதில் அதற்கு இணையில்லை.

*கயிறு.* ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய வீடுகளில் சணல் கயிற்றையோ பருத்திக் கயிற்றையோ இடுக்கில் அழுத்தி அடைக்கும் வழக்கம் உண்டு. அழுத்தினால் சுருங்கும், விட்டால் ஓரளவு விரியும். வேண்டாதபோது கொக்கியால் இழுத்தால் முழுதாக வந்துவிடும். கேரளத்துக்கு இது புதிதும் அல்ல. அயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் கெட்டுவள்ளத்தில் பலகைச் சந்தில் நார் வைத்து அடைப்பது காலங்காலமான கைவேலை. படகில் நீரில் ஊறிய மரத்தின் நகர்வைத் தாங்கும் நார், மச்சில் காற்றில் காயும் மரத்தின் நகர்வையும் தாங்கும். தேங்காய் நாரில் லிக்னின் மிகுதி; எளிதில் மக்காது. மெல்லிய நார்ச்சரட்டை அடியிலும், கால் உறுத்தாதபடி தேநீர்ச் சாற்றிலோ மரச்சாயத்திலோ நனைத்துக் காய வைத்த பருத்திக் கயிற்றை மேலேயும் வைக்கலாம். வெங்காரக் கரைசலில் ஒருமுறை தோய்த்துக் காய வைத்தால் பூச்சி அண்டாது. 3 முதல் 8 மில்லிமீட்டர் வரை உள்ள நகரும் இடுக்குக்கு என் பரிந்துரை இதுதான்.

*குங்கிலியம்.* மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலியத்தையும் கருங்குங்கிலியத்தையும் எண்ணெயோடு காய்ச்சிப் படகின் சந்தில் ஊற்றுவது இன்னொரு பழைய முறை. நீரைத் தடுப்பதில் சிறந்தது. ஆனால் காய்ச்சும்போது தீப்பிடிக்கும், கோடையில் இளகித் தூசியைப் பிடிக்கும், மலைக்குளிரில் நொறுங்கும். வீட்டுத் தரைக்கு இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமில்லை.

*சிலிக்கான், அக்ரிலிக்.* நீளும் என்பதே இவற்றின் விளம்பரம். எவ்வளவு நீளும் என்று கேட்க வேண்டும். கட்டடச் சந்துகளுக்கான இத்தகைய பொருள்கள், தம் அகலத்தில் 12.5 அல்லது 25 விழுக்காடு வரை நகர்வைத் தாங்கும் என்று பெரும்பாலும் வகைப்படுத்தப்படுகின்றன. 8 மில்லிமீட்டர் இடுக்கு 2 மில்லிமீட்டர் கூடினால் அது 25 விழுக்காடு. நல்ல பொருள் தாங்கிவிடும். 2 மில்லிமீட்டர் இடுக்கு 4 ஆனால் அது 100 விழுக்காடு; இந்த வகைகளில் எதுவும் தாங்காது. குறுகிய இடுக்குக்கு இவை பயன்படா. அகன்ற இடுக்குக்கு மட்டுமே. அப்போதும் அடியில் நுரைக்கயிறு வைத்து, பசை இரண்டு ஓரங்களில் மட்டும் பிடிக்கும்படி செய்ய வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் அறுந்துவிடும். சிலிக்கான் பட்ட மரத்தில் பிற்பாடு பாலிஷோ வார்னிஷோ பிடிக்காது. பழைய தேக்குத் தரையில் அதை நான் விலக்கவே சொல்வேன். குளியலறை ஓரம், கணப்பின் கல்விளிம்பு போன்ற இடங்களில் மட்டும் அதற்கு வேலை உண்டு.

*தேன்மெழுகு.* 1 மில்லிமீட்டருக்கு உட்பட்ட இடுக்கைத் தொடாமல் விடுவதே முறை. கண்ணை உறுத்தினால் ஆளிவிதை எண்ணெயில் உருக்கிய தேன்மெழுகைத் தேய்க்கலாம். மழையில் பிதுங்கி வரும், துணியால் துடைத்துவிடலாம். மரத்துக்குக் கெடுதி இல்லை.

*பிரித்துப் போடுவது.* எல்லா இடுக்கும் பெரிதாகி, ஆணியும் துருப்பிடித்திருந்தால் பலகைகளைக் கழற்றி நெருக்கி அடித்து, கடைசியில் மிஞ்சும் இடத்துக்கு ஒரு புதுப் பலகை சேர்ப்பதே நிலையான தீர்வு. ஆனால் நாக்கும் சாலுமாகக் கோத்த பலகை கழற்றும்போது உடையும். ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, இருந்த வரிசையிலேயே திரும்பப் போடும் பொறுமையுள்ள ஆசாரி கிடைத்தால் மட்டுமே இதில் இறங்க வேண்டும். நெருக்கி அடிப்பதும் மழைமுடிவில் நடக்க வேண்டும். கோடையில் நெருக்கினால் ஆனியில் தரை எழும்பும். சுவரோரம் விரல் அகல இடைவெளி விட்டு, அதைச் சுவரடிப் பட்டையால் மறைப்பது அவசியம்.

எந்த மாதத்தில்?

பொருளைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனத்தைக் காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெரும்பாலோர் காட்டுவதில்லை. விடுமுறையும் உலர்ந்த வானிலையும் சேர்வதால் வேலை எல்லாம் மாசி முதல் சித்திரைக்குள் நடந்துவிடுகிறது. மரச்சிம்புக்கு அது மிகத் தவறான காலம். கெட்டியான பொருளை, இடுக்கு மிகக் குறுகி இருக்கும் நாளில் வைக்க வேண்டும். அப்போதுதான் அது ஒருநாளும் நசுக்காது. பாலக்காட்டில் அது ஓணம் கழிந்து வெயில் தலைகாட்டும் புரட்டாசி. கயிற்றை, இடுக்கு அகன்றிருக்கும் மாசியில் சற்றுத் தளர்வாக வைக்க வேண்டும். மழையில் வைத்தால் கோடையில் நழுவிக் கீழே விழும். அக்ரிலிக் போன்று இரு பக்கமும் நகர வேண்டியதை நடுத்தர நாளில், மார்கழி அல்லது தையில் வைக்கலாம். ஈரமானி ஒன்றை வாங்கியோ இரவல் பெற்றோ பலகையில் குத்திப் பார்த்து நாளை முடிவு செய்வது இன்னும் நல்லது.

மலைக்கு வேறு கணக்கு

இடுக்கியின் எல்லைப் பகுதிக்கு ஒரே அட்டவணை பொருந்தாது. மூணாறு மழையிலும் மூடுபனியிலும் ஊறுவது. அங்கிருந்து 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மறையூர் மழைமறைவில் காய்வது. ராமக்கல்மேடு, தமிழ்நாட்டுப் பக்கமிருந்து ஏறும் காற்றில் நிற்பது. மூணாற்றில் வெளிக்காற்று ஈரமாக இருந்தாலும், கணப்பு எரியும் அறைக்குள் பலகை காய்ந்து இடுக்கு திறக்கும். ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் பங்களாவில் அதே இடுக்கு மூடிக்கொள்ளும். ஆகவே அங்கே அளக்கும்போது மாதத்தோடு, அறையில் கணப்பு எரிந்ததா என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

குளிர் உறுத்துவதால் மலைவீட்டுக்காரர்கள் செய்யும் பெருந்தவறு, அடித்தளச் சுவரிலுள்ள காற்றோட்டத் துளைகளை வெளியிலிருந்து அடைப்பது. தரைக்கு அடியிலுள்ள ஈரம் வெளியேற இருக்கும் ஒரே வழி அது. அடைத்தால் கட்டைகள் உளுக்கத் தொடங்கும். மேலே கால் சூடாகவும் அடியில் மரம் பூஞ்சையாகவும் இருக்கும். துளையில் எலி புகாத கம்பிவலை போதும். குளிரைப் பலகை இடுக்கில் கயிறு வைத்தும், மேலே கம்பளம் விரித்தும் தடுக்க வேண்டும்.

வெள்ளம் கண்ட தரை தனி வகை. 1924 பெருவெள்ளம் மூணாற்றைச் சீரழித்தது. 2018 ஆகஸ்டில் இடுக்கியும் பாலக்காடும் மறுபடி நீரில் நின்றன. நனைந்த பலகை நன்கு உலர மாதங்கள் ஆகும். அதற்குள் தென்படும் வளைவையும் இடுக்கையும் பார்த்து வேலையைத் தொடங்கக்கூடாது. சேற்றைக் கழுவி, காற்றோட்டம் கொடுத்து, ஒரு முழுக் கோடையைக் கடந்த பிறகே அந்தத் தரையின் உண்மையான இடுக்கு எது என்று தெரியும்.

பாதுகாப்பு நெறியும் வீட்டுக் குறிப்பேடும்

மரக்கட்டட மரபைக் காப்பதற்கான கோட்பாடுகளை நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இக்கோமோஸ் 1999-இல் வெளியிட்டது. அவற்றைத் திருத்தி விரிவாக்கிய வடிவம் 2017-இல் தில்லியில் கூடிய அதன் பொதுப்பேரவையில் ஏற்கப்பட்டது. முடிந்தவரை குறைவாகத் தலையிடு, முடிந்தவரை திரும்ப எடுக்கக்கூடியதாகச் செய், செய்ததைப் பதிவு செய் என்பவை அதன் சாரம். பெரிய கோயிலுக்கும் அரண்மனைக்கும் மட்டும் உரிய நெறி என்று இதை ஒதுக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பசை தடவிய சிம்பும், ஒரு பலகையில் மட்டும் அடித்த ரீப்பரும், கொக்கியால் இழுத்தால் வந்துவிடும் கயிறும் அந்த நெறியை வீட்டளவில் நிறைவேற்றுபவை. எபாக்ஸியும் சிலிக்கானும் அடுத்த தலைமுறையின் கையைக் கட்டிவிடுபவை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால் வீட்டுக்காரர் செய்ய வேண்டியவை நான்கு. ஓராண்டு அளக்க வேண்டும். நிலையான பகுதியை மழைமுடிவில் மரத்தால் நிரப்ப வேண்டும். நகரும் பகுதியில் கோடையில் கயிறு வைக்க வேண்டும், அல்லது கீழிருந்து ரீப்பரால் மறைக்க வேண்டும். மயிரிழையை விட்டுவிட வேண்டும். செலவு என்று பார்த்தாலும் பெரும்பகுதி கூலிதான். பொருளுக்கு ஆகும் தொகை சிறிது.

இதில் ஊர் சேர்ந்து செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. கல்பாத்தியில் பத்து வீடு, மூணாற்றில் பத்துப் பங்களா என்று எடுத்து ஓராண்டு இடுக்கையும் ஈரத்தையும் அளந்தால், நம் மரத்துக்கும் நம் காற்றுக்கும் உரிய எண்கள் நம்மிடமே இருக்கும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. மர ஆய்வில் தேர்ந்த கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 1975 முதல் பீச்சியில் இயங்குகிறது. மாணவர் திட்டமாகவே முடிக்கக்கூடிய வேலை இது. அதுவரை ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். எந்த இடுக்கு எவ்வளவு நகர்ந்தது, எதை எந்த மாதம் எதைக்கொண்டு அடைத்தோம், எது தங்கியது, எது உதிர்ந்தது என்று எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். இன்று தரையைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதை அடுத்த ஆசாரி படித்தே தெரிந்துகொள்வார். பலகையும் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும்.